கணவர் பெயர்: காலியாக விடலாம்

என் மனைவி ஷகிலா என் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் 'ஏங்க'. என்னைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 'அவங்க'. நான் சேலத்தில் படித்துவிட்டு வந்த பிறகு பக்கத்து வீட்டுப் பெண்களிடம் 'கம்ப்யூட்டர்காரரு' என்று சொல்ல ஆரம்பித்தாள். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் அதை அவளிடம் ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. கல்யாணமாகி எட்டு மாதத்தில் இதெல்லாம் நன்றாகப் பழகிவிட்டது. பழகிய விஷயம் கண்ணில் படாது அல்லவா? 1988-ல் கடத்தூரில் நான் பட்ட பாடெல்லாம் அதனால் வந்ததுதான்.

என் பெயர் ஜமீர். அத்தாவுக்குத் தருமபுரியில் இரும்புச் சாமான் கடை. டிப்ளமா முடித்துவிட்டு சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதம் டிபேஸ் என்ற புரோகிராம் மொழி படித்தேன். கடைக்கு வருகிறவர்கள் பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டால், "டிவி மாதிரி ஒண்ணு இருக்குதுங்க, அதுக்கு முன்னாடி உக்காந்து டைப் அடிக்கறானுங்க" என்பார் அத்தா. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கோபம் எனக்குக் கொஞ்சம் சீக்கிரம் வரும். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடத்தூரில் டாக்டர் ராணியம்மாள் ஒரு சின்ன கிளினிக் வைத்திருந்தார். பெண்களும் குழந்தைகளும்தான் அங்கே வருவார்கள். வந்தவர்களின் பழைய சீட்டைத் தேடி எடுத்துக் கொடுப்பது ராஜாமணி அக்காவின் வேலை. முப்பது வயதிருக்கும். முகத்தைப் பார்த்த உடனே எந்தக் கட்டுக்குள் யாருடைய சீட்டு இருக்கிறது என்று கை நீளும். ஆனால் ராஜாமணி அக்கா ஒருநாள் லீவு போட்டால் கிளினிக்கே கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலாகிவிடும். அதனால் டாக்டரம்மா ஒரு கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தார். சேலத்து வியாபாரி ஒருவர் ஒரு மாதம் வைத்துப் பார்க்கச் சொல்லி மெஷினையும் பிரிண்டரையும் அனுப்பினார். புரோகிராம் எழுதும் வேலை எனக்கு வந்தது.

வேலை பிடித்துப்போனால் டாக்டரம்மா மெஷினை வாங்கிக்கொள்வார், நானும் அங்கேயே இருக்கலாம். தருமபுரியில் இன்னும் இரண்டு டாக்டர்கள் இதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று காத்திருந்தார்கள். பிடிக்கவில்லையென்றால் நான் பெங்களூருக்குப் போக வேண்டும். ஒன்றாம் தேதி வந்து சேரச் சொல்லி ஒரு கம்பெனியின் கடிதம் என் பெட்டியில் இருந்தது. அங்கே நான்கு ஆண்கள் தங்கும் அறையில் எனக்கும் ஒரு பாய் விரிக்க இடம் கிடைக்கும். ஷகிலாவுக்குக் கிடைக்காது. மாதம் ஒருமுறை வந்து பார்க்கலாம். "பொழப்புன்னா போய்த்தானே ஆவணும், போய்ட்டு வாங்க" என்றாள் அவள். சொன்ன அன்றைக்குக் குழம்பில் உப்பில்லை, அடுத்த நாள் இரண்டு மடங்கு உப்பு. எனக்கும் போக மனசில்லை. அவளை விட்டுவிட்டு ஒரு வாரம் இருப்பேனா என்பதே எனக்குச் சந்தேகம்தான்.

அதனால் உயிரைக் கொடுத்து அந்தப் புரோகிராமை எழுதினேன். ஒரு புரோகிராமுக்கு மூன்று பாகம். முன்னால் திரை. அதில் பெயர், ஊர், வயது என்று கேள்விகளும் அவற்றுக்கான கட்டங்களும் இருக்கும். பின்னால் ஃபைல். சொன்ன பதிலெல்லாம் அங்கே போய் வரிசையாக உட்காரும். நடுவில் ஒரு காவல்காரன். தப்பான பதிலை உள்ளே விடமாட்டான். பெரிய கம்பெனிகளில் மூன்றுக்கும் மூன்று பேர் இருப்பார்களாம். கடத்தூரில் மூன்றும் நானே. கிராப் தாளில் எண்பது கட்டம் அகலத்துக்குக் கோடு போட்டு, எந்தக் கேள்வி எந்த வரியில் வரவேண்டும் என்று பென்சிலால் குறித்தேன். வந்த காரணத்தை நீட்டி முழக்கி அடிக்க வேண்டாம் என்று எண் வைத்தேன். காய்ச்சலுக்கு 1, குழந்தைக்குத் தடுப்பூசிக்கு 2, நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று பார்க்க வருகிறவர்களுக்கு 3, இப்படி ஒன்பது வரைக்கும்.

கேள்விகளை நானாக யோசிக்கவில்லை. கிளினிக்கின் பதிவேட்டைத் திறந்து, மேலே அச்சடித்திருந்த தலைப்புகளை அப்படியே எழுதிக்கொண்டேன். பெயர், கணவர் பெயர், ஊர், வயது. ஊருக்கு நாலு கோவிந்தம்மாள் இருப்பார்கள், அவர்களைப் பிரித்துக் காட்டக் கணவர் பெயர்தான் சரி என்று தோன்றியது. பெயரையும் கணவர் பெயரையும் சேர்த்துத்தான் ஃபைலில் ஆளைத் தேடும்படி வைத்தேன். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் காவல்காரன் நகரமாட்டான், பீப் என்று கத்துவான். அந்த பீப் மேல் எனக்கு அப்படி ஒரு பெருமை. வீட்டில் ஷகிலாவிடம் வாயால் அடித்துக் காட்டினேன்.

முப்பது கற்பனைப் பெண்களை உருவாக்கி, என் நண்பர்கள் காஜா, முனாப், அர்ச்சுனன் எல்லாரையும் அவர்களுக்குக் கட்டிவைத்து, சோதனை போட்டுப் பார்த்தேன். கேள்வி கேட்டது நான், பதில் சொன்னது நான். முப்பதும் தேறியது.

வியாழக்கிழமை காலை கிளினிக்கில் ஆரம்பித்தோம். கம்ப்யூட்டர் முன்னறையில், அதன் முன்னால் ராஜாமணி அக்கா. பிரிண்டர் டாக்டரம்மாவின் அறையில். ஜன்னல் வழியாக கேபிள் இழுத்திருந்தேன். ஓரத்தில் வரிசையாக ஓட்டை போட்ட தாள் அது. பத்துச் சீட்டுக்கு ஒருதரம் பிரிண்டரின் பல்சக்கரத்திலிருந்து கழன்று கோணிக்கொள்ளும். அதனால் நான் பிரிண்டர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சீட்டு வர வரக் கிழித்து டாக்டரம்மாவிடம் கொடுப்பதாக ஏற்பாடு.

ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். சீட்டு வரவில்லை. முன்னறையிலிருந்து பீப் மட்டும் வந்தது. ஒன்று, இரண்டு, அப்புறம் வரிசையாக. டாக்டரம்மா பேனாவை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் எழுந்து வெளியே போனேன்.

வாசல் வரைக்கும் பெண்கள் நின்றிருந்தார்கள். வரிசையின் தலையில் நின்ற பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வூட்டுக்காரரு பேரு சொல்லு கண்ணு" என்றார் ராஜாமணி அக்கா.

"அதாங்க்கா, செவப்பு சைக்கிள்ல பால் ஊத்த வருவாரே, அவருதான்."

"சைக்கிளையெல்லாம் இதுல அடிக்க முடியாது. பேரு?"

அந்தப் பெண் பக்கத்தில் நின்ற தன் மகளை முன்னால் தள்ளினாள். "நீ சொல்லு பாப்பா."

"உங்க அப்பா பேரு என்னம்மா?" என்று நான் குனிந்து கேட்டேன்.

"அப்பா" என்றது குழந்தை.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்களுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு குள்ளம்மாள் என்று ஒரு பெண் நின்றிருந்தாள். தடுப்பூசிக்கு வந்தவள். சின்னப் பெண். அவள் முறை வந்தது. ராஜாமணி அக்கா கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள். மறுபடி கேட்டார். மறுபடி தரை. என் தலைக்கு ஏறிவிட்டது.

"கட்டுன புருஷன் பேரைச் சொல்றதுக்கு என்னம்மா? இவ்வளவு பேரு நிக்கறாங்க, மெஷின் நிக்குது, ஒரு பேரு சொன்னா வாய் வலிச்சுடுமா?"

கத்திவிட்டேன். அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வரிசையை விட்டு விலகி, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். ஊசி போடாமலே போய்விட்டாள்.

நான் உள்ளே வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பீப் நின்றது. சீட்டு சரசரவென்று வர ஆரம்பித்தது. ஒரு சத்தம் போட்டதில் எல்லாருக்கும் வாய் திறந்துவிட்டது என்று நினைத்தேன். சீட்டைக் கிழிக்கிற அவசரத்தில் எதையும் படித்துப் பார்க்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் மிதப்பாகக்கூட இருந்தது.

ஒரு மணிக்குக் கூட்டம் முடிந்ததும் டாக்டரம்மா சீட்டுகளை மேசையில் பரப்பினார்.

"ஏங்க ஜமீர், உங்க கம்ப்யூட்டரு சொல்றதப் பாத்தா இந்தச் சுத்துவட்டாரத்துல இருபத்தேழு பொம்பளைங்களுக்கு ஒரே புருஷனாம். பேரு சாமி. யாருங்க அந்தப் புண்ணியவான்?"

ராஜாமணி அக்கா கதவருகில் நின்றிருந்தார். "நான்தான் அடிச்சேன்" என்றார் தயங்காமல். "அவங்களும் சொல்ல மாட்டாங்க, இதுவும் விடாது. எவ்வளவு நேரந்தான் கத்திக்கிட்டே இருக்கும்? சாமின்னு போட்டா யாருக்கும் தப்பில்லியே?"

டாக்டரம்மா சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை நிறுத்தினார். "ஒரே ஊரு, ரெண்டு கோவிந்தம்மா. ரெண்டு பேருக்கும் புருஷன் சாமி. ஒருத்தி சீட்டு இன்னொருத்திக்கு வந்திருக்குது. மொகத்தப் பாத்துத்தான் கண்டுபிடிச்சேன், இல்லீன்னா மாத்திரை மாறியிருக்கும். இது வெளையாட்டு இல்லீங்க. திங்கக்கெழமை சாயங்காலம் சேலத்துக்காரரு வர்றாரு. அன்னிக்குக் காலையில வர்ற அத்தனை பேரும் ஒரு மணிக்குள்ள சரியான சீட்டோட உள்ள வரணும். இல்லீன்னா மெஷினை அவருகிட்டயே ஏத்தி அனுப்பிச்சிடலாம்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஷகிலாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். இருபத்தேழு பேருக்கு ஒரே புருஷன் என்றதும் அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"என் பொழப்பு போவுது, உனக்குச் சிரிப்பா இருக்குதா? என்ன பொம்பளைங்க அவங்க? ஒரு பேரைச் சொல்றதுல என்ன கொறஞ்சு போயிடும்?"

அவள் சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "ஏங்க, நான் உங்க பேரை என்னிக்காவது சொல்லியிருக்கேனா?"

எட்டு மாதத்தையும் மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன். ஒரு தடவைகூட இல்லை.

"போன மாசம் ரேஷன் கடையில கேட்டாங்க. நான் கார்டை நீட்டுனேன், அவரே படிச்சுக்கிட்டாரு. அந்தப் பொண்ணு எதை நீட்டும்?"

குள்ளம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு போனது என் கண்ணுக்குள் வந்தது. அவளை நான் கேட்டது மாதிரி யாராவது ஷகிலாவை நாலு பேருக்கு முன்னால் கேட்டிருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். சொல்லவே கூசுகிறது.

"அது மட்டுமில்லீங்க" என்றாள் ஷகிலா. "புருஷன் செத்துப்போனவங்க வந்தா என்ன சொல்லுவாங்க? வுட்டுட்டுப் போனவன் பேரை ஒருத்தி எதுக்குச் சொல்லணும்? உங்களுக்கு இந்தக் கோவிந்தம்மா வேற, அந்தக் கோவிந்தம்மா வேறன்னு தெரியணும், அவ்வளவுதானே? அதுக்கு எந்த ஊர்ப் பொண்ணுன்னு கேளுங்களேன். பொறந்த ஊரைக் கேட்டா சொல்லாத பொம்பளை இருக்காளா?"

எங்கள் தெருவிலேயே ஷகிலாவைப் பாதிப் பேர் 'பாலக்கோட்டுப் பொண்ணு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். தினமும் காதில் விழுந்ததுதான். ஆறு மாதம் சேலத்தில் படித்த மண்டைக்கு அது ஏறவில்லை.

சனிக்கிழமை கிளினிக்குக்குப் போய் அந்தப் பழைய பதிவேட்டை மறுபடி எடுத்தேன். முதல் தடவை தலைப்பை மட்டும் பார்த்து மூடிவைத்ததை இந்தத் தடவை புரட்டினேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, ஏழு வருஷத்துக்கு, 'கணவர் பெயர்' என்ற பத்தி வெள்ளையாகவே இருந்தது. எங்கோ ஒன்றிரண்டு இடத்தில், கூட ஆண்கள் வந்த அன்று, எழுதியிருந்தது. ஒரு பக்கம் திருப்பியிருந்தால் போதும். நான் திருப்பவில்லை.

உட்கார்ந்து மூன்று பாகத்தையும் பிரித்தேன். ஃபைலில் 'பிறந்த ஊர்' என்று ஒரு புதிய பத்தி சேர்த்தேன். ஆளைத் தேடும் வழியை மாற்றினேன். அப்படியும் ஒரே ஊரில் பிறந்து ஒரே ஊரில் வாக்கப்பட்ட இரண்டு கோவிந்தம்மாள்கள் வந்தால் குழம்பக்கூடாது என்று, ஒவ்வொருவருக்கும் ஒரு எண் தானாக விழும்படி செய்து, அதைச் சீட்டின் தலையில் பெரிதாக அச்சடிக்க வைத்தேன். கணவர் பெயரை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். விருப்பமுள்ளவர்கள் சொல்லட்டும் என்று கடைசி வரிக்குத் தள்ளினேன். காவல்காரனை அங்கிருந்து எழுப்பிவிட்டேன். இனிமேல் அந்தக் கட்டத்தில் பீப் கிடையாது. காலியாக விடலாம்.

ஞாயிற்றுக்கிழமை சோதனைக்கு ஷகிலாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை நானே கேட்டு நானே பதில் சொல்வதாக இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். கடத்தூர் வரும்வரை ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. "அந்த டிரைவர் ஓட்டற ஓட்டத்துக்கு யாருக்கும் தலை சுத்தும்" என்றேன். "ஆமாங்க, டிரைவருதான்" என்றாள்.

கிளினிக்கில் அவளை மெஷின் முன் உட்காரவைத்தேன். ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் எழுத்து கைவசம் இருந்தது. பெயர், வயது, பிறந்த ஊர் பாலக்கோடு. வந்த காரணத்துக்கு 1 போட்டாள். கடைசியில் கணவர் பெயர். அங்கே என்னைத் திரும்பிப் பார்த்து, என்டரை ஒரு தட்டுத் தட்டிக் காலியாக விட்டாள்.

"பாத்தீங்களா, எவ்வளவு லேசாத் தாண்டிப் போவுது" என்றாள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. கூடவே லேசாக ஒரு வருத்தமும் இருந்தது. யாரும் பார்க்காத இடத்தில்கூட என் பெயரைப் போடவில்லையே என்று. சின்னப் பிள்ளைத்தனம்தான்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கே நான் கிளம்பிவிட்டேன். மதியம் சோறு கொண்டு வருவதாக ஷகிலா சொன்னாள். பிரிண்டர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன்.

முன்னறையில் ராஜாமணி அக்காவின் குரல் கேட்டது. "நீ எந்த ஊர்ப் பொண்ணு?"

"இண்டூருங்க."

"நல்லம்பள்ளிங்க்கா. நம்ம டாக்டரம்மா ஊருதான்."

பின்னால் நின்ற ஒருத்தி, "ஏ, நானும் நல்லம்பள்ளிதான், நீ யாரு வூட்டுப் பொண்ணு?" என்று ஆரம்பித்தாள். பேச்சு பெருகியது. ராஜாமணி அக்கா அதட்டி அடக்க வேண்டியிருந்தது. பிரிண்டர் விடாமல் ஓடியது. சீட்டுக்குச் சீட்டு கடைசி வரி காலியாக வந்தது. காலியாக ஒரு வரி வருவதைப் பார்த்து யாராவது சந்தோஷப்பட்டிருப்பார்களா? நான் பட்டேன்.

பதினோரு மணிக்குக் குள்ளம்மாளின் சீட்டு வந்தது. எழுந்து கதவருகில் போய் நின்றேன். குழந்தையோடு உள்ளே வந்தவள் என்னைப் பார்த்ததும் தயங்கினாள்.

"அன்னிக்கு நான் கத்தினது தப்பும்மா" என்றேன். "மெஷின் மேல தப்பு. மெஷினை எழுதினவன் மேல தப்பு."

"பரவால்லீங்ண்ணா" என்றாள். குழந்தை ஊசிக்கு அழுத அழுகையில் டாக்டரம்மா என்ன சொல்லிச் சிரித்தார் என்பது எனக்குக் கேட்கவில்லை.

பன்னிரண்டரைக்குத் தாள் மறுபடி கோணிக்கொண்டது. சரிசெய்துவிட்டு நிமிர்ந்தேன். அடுத்த சீட்டு வந்தது. கிழித்துக் கொடுக்கப்போனவன் நின்றேன். பெயர் ஷகிலா. பிறந்த ஊர் பாலக்கோடு.

சோதனைக்குப் போட்ட பதிவை அழிக்க மறந்துவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. கெட்டது கதை, டாக்டரம்மா பார்த்தால் என்ன நினைப்பார் என்று சீட்டை மடிக்கப்போனேன். அப்புறம் தேதியைப் பார்த்தேன். ஞாயிறு இல்லை, திங்கள். அப்படியானால் பழைய பதிவு இல்லை. கடைசி வரியைப் பார்த்தேன். காலையிலிருந்து வந்த சீட்டுகளில் அந்த ஒரு சீட்டில்தான் கடைசி வரி நிரம்பியிருந்தது. ஆறு இங்கிலீஷ் எழுத்து. ஜமீர்.

அப்புறம்தான் வந்த காரணத்தைப் படித்தேன். 3.

அந்த எண்ணை வைத்தவனே நான்தான். ஆனாலும் 3 என்றால் என்ன என்று ஒன்று காய்ச்சல், இரண்டு தடுப்பூசி என விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

"ஜமீர், அடுத்த சீட்டு" என்று டாக்டரம்மா கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். ஒரு நிமிஷம் சீட்டை, ஒரு நிமிஷம் என்னை. "கடைசி வரி காலியா இருக்கலாம்னுதானே சொன்னீங்க?" என்றார்.

அதற்குள் ராஜாமணி அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "அவங்க வாயால சொல்லலீங்க. என்னை எந்திரிக்கச் சொல்லிட்டு அவங்களே உக்காந்து அடிச்சாங்க. பின்னாடி நிக்கறவங்க சத்தம் போடறாங்க, இவங்க ஒவ்வொரு எழுத்தாத் தேடிக்கிட்டு இருக்காங்க."

கதவைத் தள்ளிக்கொண்டு ஷகிலா வந்தாள். ஒரு கையில் சோற்றுத் தூக்கு, இன்னொரு கையில் எலுமிச்சம்பழம். என் முகத்தைப் பார்க்காமல் டாக்டரம்மாவைப் பார்த்து நின்றாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"சொல்லியிருந்தா புரோகிராமை வுட்டுட்டு என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க" என்றாள். "அப்புறம், எனக்காக இருந்தீங்கன்னு ஆவக்கூடாது. மெஷினு ஓடி, அதனால நீங்க இருக்கணும்."

டாக்டரம்மா அவளை உள்ளே கூட்டிப்போய்ப் பார்த்தார். சந்தேகமே இல்லை, மூன்றாவது மாதம் நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். மணியைப் பார்த்தார். ஒரு மணியாக இன்னும் ஐந்து நிமிஷம். வாசலில் யாரும் நிற்கவில்லை.

"சேலத்துக்காரரு சும்மாதான் திரும்பிப் போவணும்" என்றார். "மெஷினு இங்கயே இருக்கட்டும். பெங்களூரு லெட்டருக்கு இன்னிக்கே பதில் எழுதிப் போட்டுடுங்க. இந்தப் பொண்ணு மாசாமாசம் வரும்போது சீட்டு அடிக்க ஆளு வேணுமில்ல? சரி, அந்தச் சீட்டைக் குடுங்க, எழுதணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் முன்னறைக்குப் போய், சீட்டின் தலையில் இருந்த ஷகிலாவின் எண்ணை அடித்து, இன்னொரு பிரதி எடுத்தேன். டாக்டரம்மாவிடம் கொடுத்தது அந்தப் பிரதியைத்தான். முதல் சீட்டு என் சட்டைப்பையில் இருந்தது.